பேச்சுப் பக்கத்தின் உழைப்பு



இலக்கியமும் இலக்கணமும் பேசப்பட்டு வந்த இந்த மேடையில் இணையக் கலைக்களஞ்சியத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். விக்கிப்பீடியாவின் பெருமையைச் சொல்லி உங்கள் நேரத்தைக் கழிக்கப் போவதில்லை. அதைப் பற்றி அங்கேயே போதுமான அளவு எழுதி வைத்திருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது சின்ன விஷயம். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் 'பேச்சு' என்று ஒரு பக்கம் உண்டு. கட்டுரையைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. சம்பளம் வாங்காத ஒருவர், சம்பளம் வாங்காத இன்னொருவரிடம், "நீங்கள் எழுதியது சரியில்லை" என்று சொல்லும் இடம் அது. அதை எப்படிச் சொல்வது, சொன்னதை எப்படி வாங்கிக்கொள்வது என்பதே இன்றைய பேச்சு.

ஒரு நூலைப் பற்றிப் பொதுவில் கருத்துச் சொல்வதற்கு இரண்டு வடிவங்கள் தமிழருக்கு நன்றாகக் கைவந்தவை. ஒன்று சாற்றுகவி. நூல் அச்சேறும்போது வித்துவான்கள் பலர் பாடித் தருவார்கள். சில பழைய பதிப்புகளில் நூல் எங்கே தொடங்குகிறது என்று தேடப் பல பக்கங்கள் புரட்ட வேண்டியிருக்கும். மற்றொன்று கண்டனம். 19ஆம் நூற்றாண்டில் அச்சகம் கைக்கெட்டியதும் கண்டனம், கண்டனத்துக்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று சிறுநூல்கள் பறந்தன. அருட்பா, மருட்பாச் சண்டை நீதிமன்றம் வரை போனது உங்களுக்குத் தெரிந்ததே. சாற்றுகவி ஆளைத் தூக்கி வைக்கும். கண்டனம் ஆளைக் கீழே தள்ளும். "மூன்றாம் பத்தியின் இரண்டாவது வரிக்குச் சான்று இல்லை, மற்றபடி கட்டுரை நன்றாக இருக்கிறது" என்று நான்கு சொல்லில் முடிக்கிற சிறு குறிப்புக்கு நம்மிடம் பொதுவெளிப் பழக்கம் குறைவு. அதற்கு மிக நெருங்கி வருவது உரையாசிரியர்களின் தடை, விடை முறை. அங்கே தடை எழுப்புகிறவரே விடையையும் தேடிச் சொல்கிறார். கேள்வி கேட்டவர் பாதி வேலையைத் தாமே செய்துவிடுகிறார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

அச்சுக் கலைக்களஞ்சியங்களில் இந்தச் சிக்கல் வெளியே தெரியாது. 1910இல் வந்த அபிதான சிந்தாமணி ஆ. சிங்காரவேலு முதலியார் என்ற தனி மனிதரின் வாழ்நாள் வேலை. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அதன் கைப்படிகளில் எந்தப் பேராசிரியர் எந்த வரியை வெட்டினார், வெட்டுப்பட்டவர் எத்தனை நாள் பேசாமல் இருந்தார் என்பதெல்லாம் அலுவலக அறையோடு போயிற்று. விக்கிப்பீடியாவில் அப்படி இல்லை. நூலோடு சேர்த்து, எழுதியவர்கள் போட்ட சண்டையும் வெளியாகிறது. 'வரலாறு' என்ற பொத்தானை அழுத்தினால் யார், எந்த நாளில், எந்த நிமிடத்தில், எந்தக் காற்புள்ளியை எடுத்தார் என்பது வரை தெரியும்.

இன்னொரு வேறுபாடு முக்கியமானது. விக்கிப்பீடியாவுக்கு முன் ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் 2000 மார்ச்சில் நூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். கட்டுரை ஒவ்வொன்றும் ஏழு படிகளில் அறிஞர்களின் மதிப்பாய்வைத் தாண்டி வர வேண்டும். 2003இல் அதை மூடியபோது எல்லாப் படிகளையும் தாண்டியிருந்த கட்டுரைகள் ஏறத்தாழ 25தான். அதற்குத் துணையாக 2001 ஜனவரி 15 அன்று தொடங்கிய விக்கிப்பீடியா வரிசையைத் தலைகீழாக மாற்றியது. முதலில் வெளியீடு, பிறகு மதிப்பாய்வு. இதனால் வந்த வளர்ச்சியை எல்லோரும் சொல்கிறார்கள். இதனால் வந்த மனத்தாங்கலை யாரும் சொல்வதில்லை. கட்டுரை வெளியாகிவிட்டது, எழுதியவர் உறவினர்களின் வாட்சாப் குழுவுக்கெல்லாம் இணைப்பு அனுப்பிவிட்டார், அதற்குப் பிறகு வருகிறது, "இக்கட்டுரை நீக்கப்படலாம்" என்ற சிவப்புக் கட்டம். அச்சுக் காலத்தில் பதிப்பாசிரியர் தனி அறையில் சொன்னதை இங்கே ஊர்ப் பொதுவில் சொல்கிறார்கள்.

முன்பின் தெரியாதவர்கள் ஏன் இத்தனை கடுமையாகப் பேசுகிறார்கள் என்று புதியவர்கள் கேட்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. 2005இல் ஜான் சைகந்தாலர் என்ற அமெரிக்க இதழாளரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில், கென்னடி சகோதரர்களின் கொலையோடு அவரைத் தொடர்புபடுத்தி யாரோ விளையாட்டாக எழுதிவைத்த பொய் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. அது அம்பலமானதும் ஆங்கில விக்கிப்பீடியா விழித்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில், கணக்கில்லாதவர்கள் புதுக் கட்டுரை தொடங்குவது நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் ஹகிள், டுவிங்கிள் போன்ற கருவிகள் வந்தன. அண்மைய மாற்றங்கள் திரையில் ஓடும். ஒரு சொடுக்கில் மீளமைக்கலாம், இன்னொரு சொடுக்கில் எழுதியவரின் பேச்சுப் பக்கத்தில் அச்சடித்த எச்சரிக்கையை ஒட்டலாம். விசமத் தொகுப்புகளைத் தடுக்க இவை தேவைப்பட்டன. ஆனால் விசமிக்குச் செய்த அதே வரவேற்பு, நல்லெண்ணத்தோடு தவறு செய்த புதியவருக்கும் கிடைத்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் முனைப்பான தொகுப்பாளர்களின் எண்ணிக்கை 2007இல் உச்சத்தைத் தொட்டுப் பிறகு சரிந்தது. ஏன் என்று ஆராய்ந்த ஆரன் ஹால்ஃபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட கட்டுரையில், நல்லெண்ணத்தோடு வரும் புதியவர்களின் பங்களிப்புகள் மேலும் மேலும் நிராகரிக்கப்பட்டதும், அவர்களோடு பேசும் வேலை கருவிகளின் கைக்குப் போனதும் முக்கியமான காரணங்கள் என்று காட்டினார்கள்.

நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. 'சான்று தேவை' என்று ஒரு வார்ப்புருவை, அதாவது ஆயத்தக் குறிப்பை, இட இரண்டு நொடி போதும். இட்டவர் அடுத்த கட்டுரைக்குப் போய்விடுவார். அதை நிறைவேற்ற எழுதியவருக்கு ஒரு மாலை வேண்டும். நூலகம் தொலைவில் இருந்தால் ஒரு வாரம். ஒருவரிடம் உழைப்பைக் கேட்கிற குறிப்பில், கேட்கிறவரின் உழைப்பும் கொஞ்சமாவது இருக்க வேண்டும். கடுமையான சொல்லை மனிதர்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறார்கள். தாங்க முடியாதது, "இவர் என் கட்டுரையைப் படிக்கவே இல்லை" என்ற ஐயம்.

எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு டோனா ஸ்ட்ரிக்லாண்ட். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து இயற்பியலாளர். அவரைப் பற்றிய வரைவு ஒன்று ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு வந்தது. சான்றுகள் தனிக் கட்டுரைக்குரிய குறிப்பிடத்தக்கமையைக் காட்டப் போதவில்லை என்ற வழக்கமான வார்ப்புருக் காரணத்தோடு 2018 மே மாதம் அது திருப்பப்பட்டது. அக்டோபர் 2 அன்று அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மேரி கியூரி, மரியா கெப்பர்ட் மேயர் இருவருக்குப் பிறகு அந்தப் பரிசைப் பெற்ற மூன்றாவது பெண். உலகமே விக்கிப்பீடியாவைப் பிடித்து உலுக்கியது. நான் அந்த மதிப்பாய்வாளரை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். வரைவில் இருந்த சான்றுகளை மட்டும் பார்த்தால் விதிப்படி அவர் செய்தது தவறில்லை. ஆனால் அமெரிக்க ஒளியியல் கழகத்தின் தலைவராக இருந்த ஒருவரைப் பற்றித் தேடினால் வேறு சான்றுகள் கிடைக்காதா? ஐந்து நிமிடம் தேடி, "இந்த இரண்டு இணைப்புகளைச் சேர்த்து மறுபடி அனுப்புங்கள்" என்று எழுதியிருந்தால் கதை வேறு. தடை எழுப்பியவர் விடையில் பாதியைத் தேடியிருப்பார்.

பாராட்டைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. விக்கிப்பீடியாவில் ஒருவர் இன்னொருவருக்குப் பதக்கம் தரலாம். ஒரு நட்சத்திரப் படமும் நாலு வரியும், அவ்வளவுதான், காசில்லை. 2012இல் மைக்கேல் ரெஸ்டிவோவும் ஆர்னௌட் வான் டி ரைட்டும் வெளியிட்ட ஆய்வில், மிகுதியாகப் பங்களிக்கும் முதல் ஒரு விழுக்காட்டினரில் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்து பதக்கம் கொடுத்தார்கள். பதக்கம் பெறாத ஒப்பீட்டுக் குழுவைவிட அவர்களின் பங்களிப்பு 60 விழுக்காடு மிகுந்திருந்தது. ஜெர்மன் விக்கிப்பீடியாவில் 4,007 புதியவர்களை வைத்து யானா கல்லுஸ் செய்த சோதனையில், சிறு அங்கீகாரம் பெற்றவர்கள் அடுத்த மாதமும் தொடர்வது 20 விழுக்காடு கூடியது. இதைக் கேட்டதும், "அப்படியானால் பாராட்டிக்கொண்டே இருப்போம்" என்று கிளம்பிவிடாதீர்கள். சாற்றுகவிக் காலத்துக்குத் திரும்பிவிடுவோம். கார்னெகி மெல்லன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட கள ஆய்வு கூடுதல் நுட்பமானது. பாராட்டும் நட்பான சொல்லும் ஒருவருக்குப் பொதுவாக வேலை செய்யும் ஊக்கத்தைக் கூட்டுகின்றன. ஆனால் குறையைச் சுட்டுவதும் "இதைச் செய்யுங்கள்" என்று வழிகாட்டுவதுமே அந்தக் குறிப்பிட்ட கட்டுரையை மேம்படுத்த வைக்கின்றன. ஒன்று ஆளைத் தக்கவைக்கிறது, மற்றது கட்டுரையைச் செப்பமாக்குகிறது. கலைக்களஞ்சியத்துக்கு இரண்டும் வேண்டும். ஒரே குறிப்பில் இரண்டையும் வைக்கத் தெரிந்தவர்களைத்தான் நல்ல மதிப்பாய்வாளர் என்கிறோம்.

தமிழ் விக்கிப்பீடியாவுக்கு வருகிறேன். 2003 செப்டம்பரில் தொடங்கியது. அதைக் கட்டி எழுப்பியவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐக்கிய அரபு அமீரகத்தில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். 2017 மே மாதம் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டு, இன்று ஒன்றரை லட்சத்தையும் தாண்டி நிற்கிறது. ஆனால் கட்டுரை எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் ஆட்கள் இல்லை. நாள்தோறும் வந்து வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் ஒருவருக்கொருவர் பெயர் தெரிந்த வட்டம். இதனால் ஆங்கிலத்தில் உள்ள நோய் இங்கே வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே அயலார் கடுகடுக்கிறார்கள். இங்கே அறிந்தவர்கள் வாய் திறப்பதில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் ஊர்க் கோயிலைப் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தல வரலாறு பாட்டி சொல்லக் கேட்டது, சான்று கிடையாது, "அருள்பாலிக்கும்", "கண்கொள்ளாக் காட்சி" எல்லாம் உண்டு. தானியங்கி ஒன்று அவரை "வருக, வருக" என்று வரவேற்றுப் போகும். அதற்குப் பிறகு அமைதி. அவர் வயதும் பட்டறிவும் எழுத்திலேயே தெரிகின்றன. கல்லூரி மாணவரான தொகுப்பாளருக்கு, "அம்மா, இது இப்படி இருக்கக் கூடாது" என்று எழுதக் கை வருவதில்லை. அதனால் கோயிலின் பெயரும் மாவட்டமும் மிஞ்சும்படி கட்டுரையை வெட்டிவிட்டு, தொகுப்புச் சுருக்கத்தில் 'துப்புரவு' என்று ஒற்றைச் சொல் போட்டுவிட்டுப் போகிறார். மரியாதைக்காகக் காத்த மௌனம் அந்த அம்மாவுக்கு அவமதிப்பாகப் போய்ச் சேருகிறது. அவர் ஊரின் கல்வெட்டு தொல்லியல் துறை வெளியீட்டில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லியிருக்கலாம். கோபுரத்தைப் படமெடுத்துப் பொதுவகம் என்ற விக்கிப் படக் களஞ்சியத்தில் ஏற்ற முடியுமா என்று கேட்டிருக்கலாம். அவரால் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது.

ஆங்கில வார்ப்புருக்களை அப்படியே தமிழாக்கி வைத்திருப்பது இன்னொரு தொல்லை. யார் சொல்கிறார் என்று தெரியாத செயப்பாட்டு வினையில் அவை பேசும். தமிழில் அந்தத் தொனி வட்டாட்சியர் அலுவலக நோட்டீசுக்கு உரியது. "வணக்கம், இந்தப் பகுதிக்கு ஒரு நூற்சான்று சேர்த்தால் கட்டுரை நிற்கும், உதவி தேவையென்றால் என் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள்" என்று கையால் எழுதினால் கூடுதலாக ஒரு நிமிடம் ஆகும்.

திருத்துகிறவர் முதலில் தம் எல்லையை அறிந்துகொள்ளவும் வேண்டும். துடுப்பாட்டம், பாடசாலை, திணைக்களம் என்று இலங்கைத் தொகுப்பாளர் எழுதியதைப் பிழை என்று நினைத்துத் 'திருத்தும்' தமிழ்நாட்டுப் புதியவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். தமக்குப் பழக்கமில்லாததும் தவறானதும் ஒன்றல்ல என்பதை ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆலமரத்தடியில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறியாதவர்களுக்காக: தமிழ் விக்கிப்பீடியாவின் பொதுக் கலந்துரையாடல் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்றே பெயர்.

பேச்சுப் பக்கம் இருந்தும் பேச ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் தமிழ் விக்கிப்பீடியா பார்த்திருக்கிறது. 2009இல் கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு ஆங்கிலக் கட்டுரைகளை இந்திய மொழிகளுக்குக் கொண்டுவந்தது. நீண்ட நீண்ட கட்டுரைகள் தமிழில் வந்து இறங்கின. தலைப்புகள் பல தமிழ் வாசகர் தேடாதவை. நடை சில இடங்களில் படிக்க முடியாதது. தன்னார்வலர்கள் வழக்கம்போலப் பேச்சுப் பக்கத்தில் பிழைகளைச் சுட்டினார்கள். மொழிபெயர்த்தவர்களுக்கு அந்தப் பக்கத்துக்கு வர ஒரு காரணமும் இல்லை. அவர்கள் வேலை கட்டுரையைப் பதிவேற்றியதோடு முடிந்தது. வங்காள விக்கிப்பீடியர்கள் அந்தக் கட்டுரைகளை வேண்டாமென்று ஒதுக்கினார்கள். தமிழில், பேசிப் பார்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். 2010இல் போலந்தின் கிடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் ஒருவர் இந்தத் திட்டத்தின் குறைகளை எடுத்துக்காட்டுகளோடு அடுக்கி ஆய்வுரை வழங்கினார். அது கண்டனமாகவும் இருக்கவில்லை, சாற்றுகவியாகவும் இருக்கவில்லை. கட்டுரைகளை வரிவரியாகப் படித்து, எந்த வகைப் பிழை எங்கே வருகிறது, தலைப்புகளை யார் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பிரித்துச் சொன்னார். தமிழில் ஒரு பெருநிறுவனத்துக்குத் தன்னார்வலர்கள் கொடுத்த மிக நல்ல கருத்துரைகளில் அதுவும் ஒன்று என்பது என் எண்ணம்.

கருத்தை வாங்கிக்கொள்ளும் பக்கத்தைப் பற்றிக் குறைவாகவே சொல்லப் போகிறேன். ஏனென்றால் அறிவுரை எளிது, பின்பற்றுவது கடினம். உங்கள் தொகுப்பை ஒருவர் மீளமைத்தால் அவருடைய சொற்களைப் படிப்பதற்கு முன் 'வேறுபாடு' பக்கத்தைத் திறந்து எந்த வரி போயிற்று என்று பாருங்கள். கட்டுரையே போய்விட்டதாக நினைத்திருப்பீர்கள். போனது இரண்டு பெயரடைகளாக இருக்கும். உடனே மறுபடி போட்டு அவர் எடுக்க, நீங்கள் போட என்று தொடங்கினால் அது தொகுப்புப் போர்; ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் கணக்கையே முடக்கலாம்.

வாங்கிக்கொள்வதில் எனக்குப் பிடித்த கதை பிலிப் ராத் என்ற அமெரிக்க நாவலாசிரியருடையது. அவருடைய 'த ஹியூமன் ஸ்டெயின்' நாவலின் நாயகன் அனடோல் புரொயார்ட் என்ற எழுத்தாளரை மனத்தில் வைத்துப் படைக்கப்பட்டவர் என்ற செய்தி விக்கிப்பீடியாவில் இருந்தது. தவறு, நீக்குங்கள் என்று ராத் தரப்பில் கேட்டார்கள். ஆசிரியர் சொல் மட்டும் போதாது, இரண்டாம் நிலைச் சான்று வேண்டும் என்று பதில் வந்தது. நம் ஊர் எழுத்தாளராக இருந்தால் அதோடு விக்கிப்பீடியாவை விலக்கி வைத்திருப்பார். ராத் 2012 செப்டம்பரில் நியூயார்க்கர் இதழின் தளத்தில் நீண்ட திறந்த மடல் எழுதி, நாவலுக்கு வித்தானது தம் நண்பர் மெல்வின் டூமினின் வாழ்வில் நடந்தது என்று விளக்கினார். கோபமாகத்தான் எழுதினார். ஆனால் கேட்ட சான்று அந்தக் கோபத்துக்குள்ளேயே இருந்தது. அந்த மடலே மேற்கோளாகிக் கட்டுரை திருத்தப்பட்டது.

வாசகரின் கருத்தைப் பெறவும் ஒரு முயற்சி நடந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரையின் அடியில் வாசகர்கள் மதிப்பெண் இடவும், பின்னர்க் கருத்து எழுதவும் பெட்டி வைத்தார்கள். வந்தவற்றில் பெரும்பகுதி பயன்படாதவை; அவற்றைப் பிரித்தெடுக்கும் சுமையும் தொகுப்பாளர் தலையில் விழுந்தது. 2014இல் எடுத்துவிட்டார்கள்.

இப்போது உழைப்புக் கணக்கு எதிர்ப்புறமாகத் திரும்பியிருக்கிறது. போட்டி நடக்கும் மாதங்களில் இயந்திர மொழிபெயர்ப்புக் கட்டுரைகள் குவிகின்றன. கொக்கைப் பற்றிய கட்டுரையில் பாரந்தூக்கி மீன் பிடிக்கும். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவி, பிழையில்லாத தமிழில், இல்லாத நூல்களை மேற்கோளாகக் காட்டித் தருகிறது. எழுதியவருக்கு ஆன நேரம் ஒரு நிமிடம். ஒவ்வொரு மேற்கோளையும் சரிபார்க்க மதிப்பாய்வாளருக்கு ஒரு நாள். அத்தகைய கட்டுரைகள் மனிதர் பார்வையிடாமல் போடப்பட்டது தெளிவாகத் தெரிந்தால் விவாதமின்றி நீக்கலாம் என்று ஆங்கில விக்கிப்பீடியா 2025இல் விதி செய்தது. கடுமையான விதிதான். சரியான விதி என்றே நினைக்கிறேன். மதிப்பாய்வாளரிடம் உழைப்பைக் கேட்கும் தகுதி, உழைத்து எழுதிய கட்டுரைக்குத்தான் உண்டு.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். விக்கிப்பீடியாப் பயிலரங்கு என்றால் ஆளுக்கொரு புதுக் கட்டுரை எழுத வைப்பதே வழக்கம். இந்தத் துறையில் அதை மாற்றிப் பாருங்கள். யாரும் புதிதாக எழுத வேண்டாம். சங்க இலக்கியம், பதிப்பு வரலாறு, உரையாசிரியர்கள் பற்றி ஏற்கெனவே இருக்கும் கட்டுரைகளில் பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் துறை நூலகத்தில் உள்ள பதிப்புகளோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். ஆண்டு தவறா, பக்க எண் தவறா, இரண்டு உரையாசிரியர்களின் கருத்து ஒருவர் பெயரில் கலந்துவிட்டதா என்று பார்த்து, நூற்பெயர், பதிப்பாண்டு, பக்க எண்ணோடு அந்தந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள். கீழே உங்கள் ஒப்பத்தை இடுங்கள். யார் என்று தெரிந்தால்தான் பதில் எழுத முடியும். பிறகு அந்தக் கட்டுரையை உங்கள் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பதில் சில வேளை அன்றிரவே வரும், சில வேளை அடுத்த பருவத் தேர்வுக்குப் பிறகு வரும். வராத கட்டுரைகளும் இருக்கும். அங்கே நீங்களே திருத்தலாம், 'தொகு' பொத்தான் எல்லாருக்கும் பொதுவானது.